உப்புக் காற்றுக்கு எந்தப் பெட்டி தாங்கும்? ராமநாதபுரம் கரையில் வீட்டு சர்வர் வாங்கும் முன்

வீட்டில் ஒரு சர்வர் வைத்து மோட்டார், விளக்கு, கேமரா எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்) சேர்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர் முதலில் பார்ப்பது பிராசசரையும் ரேமையும். உள்நாட்டு ஊர்களில் அது போதும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடல் பக்கத்தில் வீடு இருந்தால் வேறு இரண்டு கேள்விகள் முந்திக்கொள்ளும். பெட்டிக்குள் விசிறி ஓடுகிறதா? பெட்டி எத்தனை வோல்ட்டில் ஓடுகிறது, கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓட்ட முடியுமா? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு பிராசசருக்கு வரலாம். ஹோம் அசிஸ்டன்ட் 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் தாராளம்.

உப்பு என்ன செய்கிறது என்று தெரிய, அடுக்களையில் உப்பு ஜாடியைப் பார்த்தால் போதும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீர்விட்டுக் கசியும். கரையோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல்தான். காற்றோடு வந்து போர்டில் படிந்த உப்பு பகலில் வெறும் தூசி. இரவில் அதுவே மின்சாரம் கடத்தும் ஈரப் படலம் ஆகிவிடும். 5 வோல்ட் காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் நடுவில் அந்தப் படலம் கிடந்தால், ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து இன்னொரு பக்கம் நோக்கி நகரும். நெட்வொர்க் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும் பச்சைப் பாசி போன்ற பூச்சு இதன் வேலைதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட வேண்டியிருந்தது. நம் பெட்டி எம்மாத்திரம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிடிபடும். விசிறி வைத்த பெட்டி நாள் முழுக்க உப்பை உள்ளே இழுத்து, சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட் சிங்க் இடுக்கில் சேர்த்து வைக்கும். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை: எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் போர்டு சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால், அதன் மேல் பரப்பில் ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கிவிடும். அதனால் ஓடும் பெட்டி பிழைத்துக்கொள்கிறது, அணைத்து அலமாரியில் போட்ட பெட்டி கெட்டுப்போகிறது. இரவில் அணைத்துக் காலையில் போடும் சிக்கனம் இந்தக் கரையில் செலவுதான்.

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதிலும் கணக்கு உண்டு. தென்கடல் பக்கத்து வீடுகளுக்கு ஆடிக் காற்று உப்பைக் கொண்டுவரும். வடகடல் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வாடை. காற்று வந்து மோதும் சுவரின் ஜன்னலுக்கு நேரே பெட்டி வேண்டாம், வீட்டின் நடு அறை நல்லது. தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் இருக்கட்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் தரையோடு கிடக்கும் பெட்டிக்கு உப்பு வரும் வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பழைய லேப்டாப்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காசு செலவில்லை, பேட்டரி உள்ளேயே இருக்கிறது, திரையும் விசைப்பலகையும் இருக்கின்றன. ஹோம் அசிஸ்டன்ட்டைப் பழகிப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்ப்பதற்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். விசைப்பலகை இடுக்கு வழியாக உப்பு நேராக மதர்போர்டில் இறங்கும். பேட்டரியை 100 சதவீதத்திலேயே வைத்து 35 டிகிரி வெயிலில் மாதக்கணக்காக ஓட்டினால் வீங்கும். டச்பேட் மேலே எழும்பி நிற்பதுதான் முதல் அறிகுறி. கண்ட அன்றே பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பயாஸில் (கணினி கிளம்பும்போது வரும் அடிப்படை அமைப்பு) சார்ஜ் வரம்பு இருந்தால் 60 முதல் 80 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். மூடியை மூடினாலும் உறங்காதபடி லினக்ஸில் அமைத்துவிடுங்கள். 32 பிட் பிராசசர் உள்ள பழைய நெட்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கவே வேண்டாம். ஹோம் அசிஸ்டன்ட் 2025 இறுதியோடு 32 பிட் இயந்திரங்களைக் கைவிட்டுவிட்டது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கரண்ட் போனால் லேப்டாப் உயிரோடு இருக்கும், ரூட்டர் செத்துவிடும். செய்தி அனுப்ப வழியில்லாத சர்வரால் என்ன பயன்?

ராஸ்பெரி பை

உள்ளங்கை அளவே உள்ள இந்தக் கணினிப் போர்டைச் சுருக்கமாகப் பை என்போம். கரையோரத்துக்கு இதன் பெரிய பலம், விசிறி இல்லாமல் ஓடும் என்பது. பை 4 போர்டை முழு அலுமினியப் பெட்டியில் போட்டால் பெட்டியே ஹீட் சிங்க் ஆகிவிடும். சும்மா இருக்கையில் 3 முதல் 4 வாட் வரை எடுக்கும். பை 5 கொஞ்சம் கூடுதல், என்விஎம்இ எஸ்எஸ்டியோடு (வேகமான சேமிப்பகம்) 5 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். 80 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டு வேலைக்கு அந்த அளவுக்கு ஏறாது.

பை கெடுவது பெரும்பாலும் மெமரி கார்டால்தான். ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வொரு சென்சார் மாற்றத்தையும் தரவுத்தளத்தில் எழுதுகிறது, இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறை. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் கார்டு குழம்பிவிடும். ஒரு நாளைக்கு நாலு முறை கரண்ட் போய் வரும் தெருவில் இது என்றைக்காவது நடந்தே தீரும். அதனால் எஸ்எஸ்டி கட்டாயம். கூடவே ரெக்கார்டர் அமைப்பில் எழுதும் இடைவெளியை 30 நொடியாக்குங்கள். வைஃபை சிக்னல் பலம் போல நிமிடத்துக்குப் பத்து தடவை மாறும் சென்சார்களை விலக்கிவிடுங்கள். எழுத்துவேலை நன்றாகக் குறைந்துவிடும்.

அடுத்த தொல்லை 5 வோல்ட். பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். கடையில் கிடைக்கும் மொபைல் சார்ஜர்கள் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். 3 ஆம்பியரில் போர்டு ஓடும், ஆனால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். யுஎஸ்பியில் எஸ்எஸ்டியும், சென்சார்களோடு வயரில்லாமல் பேசும் ஜிக்பீ டாங்கிளும் மாட்டியவருக்கு எஸ்எஸ்டி அவ்வப்போது காணாமல் போவது இதனால்தான். வயரும் காலை வாரும். அரை சதுர மில்லிமீட்டர் வயரை ஒரு மீட்டருக்கு இழுத்து அதில் 5 ஆம்பியர் விட்டால், போக வர மூன்றில் ஒரு பங்கு வோல்ட் வயரிலேயே போய்விடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பை குறைமின்னழுத்த எச்சரிக்கை காட்டும். பேட்டரியிலிருந்து பைக்கு 12 வோல்ட்டாகவே கொண்டுபோய், போர்டுக்கு அரையடி முன்னால் 5 வோல்ட்டாக இறக்குவதுதான் முறை.

பை 4-இல் கடிகார பேட்டரி இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். கரண்ட் வந்து இணையம் வராத நேரத்தில் அதற்கு மணி தெரியாது, காலை ஆறு மணிக்குப் போட வேண்டிய மோட்டாரை எப்போது வேண்டுமானாலும் போடும். பை 5-இல் கடிகாரம் உண்டு, அதற்கான சிறு பேட்டரியைத் தனியே வாங்கி மாட்ட வேண்டும்.

போர்டு, அடாப்டர், எஸ்எஸ்டி, அதைப் பொருத்தும் ஹேட் எனும் துணைப் பலகை, அலுமினியப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் விலை செகண்ட் ஹேண்ட் மினி பிசியைத் தொட்டுவிடும். பை மலிவு என்பது பழைய கதை.

செகண்ட் ஹேண்ட் மினி பிசி

டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி என்று கம்பெனிகள் கழித்துவிட்ட பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் நிறையக் கிடைக்கின்றன. காசுக்குக் கிடைக்கும் வேகத்தில் இதை வெல்ல எதுவும் இல்லை. ரேம் மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம், உள்ளே எல்லாம் திருப்புளியால் திறக்கும்.

கரைக்கு வந்தால் குறைகள் வரிசையாக நிற்கும். விசிறி உண்டு. டெல்லும் ஹெச்பியும் 19.5 வோல்ட், லெனோவோ 20 வோல்ட். இந்த அடாப்டர் முனைகளில் அடாப்டர் யாருடையது, எத்தனை வாட் என்று பெட்டிக்குச் சொல்லும் அடையாள இணைப்பு ஒன்று இருக்கும். டெல்லில் அது நடுவிலுள்ள மெல்லிய ஊசி. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 19.5-க்கு ஏற்றும் மாட்யூலை வைத்து ஓட்டப் பார்த்தால், அந்த ஊசியில் பதில் கிடைக்காத டெல் பெட்டி பிராசசர் வேகத்தை அடித்துக் குறைத்துவிடும். உப்பு ஏறி அந்த ஊசி கறுத்துப்போனாலும் இதே கதைதான். ஒரிஜினல் அடாப்டர் மாட்டியிருந்தும் பெட்டி திடீரென்று ஆமையாகிவிட்டால் முதலில் அந்த ஊசியைத் துடைத்துப் பாருங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றிவிடுங்கள். ஆறேழு வருடப் பெட்டியில் அது செத்திருக்கும். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆக வேண்டும் என்று பயாஸில் வைத்த அமைப்பு, பேட்டரி இல்லாவிட்டால் நீண்ட கரண்ட் கட்டில் அழிந்துபோகும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சர்வர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று துபாயில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இந்தப் பொத்தானில் இருக்கும்.

என்100 மினி பிசி

இன்டெல் 2023-இல் கொண்டுவந்த என்100 பிராசசர் நான்கு கோர் கொண்டது, 6 வாட் வகை. இதை வைத்து விசிறி இல்லாத, வரிவரியாக அலுமினியம் எழும்பிய பெட்டிகள் வருகின்றன. அவற்றில் பல 12 வோல்ட் நேரடியாக எடுக்கும். கரையோரத்துக்கு வேண்டிய இரண்டு குணமும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. வாங்கும்போது அடாப்டர் லேபிளைப் படித்துவிடுங்கள்: 12 வோல்ட், உருளை முனை என்று இருக்க வேண்டும். யுஎஸ்பி சி வழியாக மட்டும் மின்சாரம் எடுப்பதையும் 19 வோல்ட் பெட்டிகளையும் விட்டுவிடலாம். பெயர் தெரியாத பிராண்டுகளில் உள்ளே போட்டிருக்கும் எஸ்எஸ்டிதான் முதலில் போகும், அதை மட்டும் நல்லதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பைக்கும் இதற்கும் நடுவில் தயங்குகிறவருக்குத் தராசை இறக்கும் கல், கேமரா. நுழைவாசலில் ஆள் வந்தால் மட்டும் அறிவிப்பு வர வேண்டும், நாய்க்கும் தென்னை ஓலைக்கும் வரக்கூடாது என்றால் ஃப்ரிகேட் போன்ற மென்பொருள் வேண்டும். அது படத்தைப் பிரிக்க இன்டெல் கிராபிக்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். பை 5-இல் எச்.264 படத்தைப் பிரிக்கும் வன்பொருளே கிடையாது, எல்லாம் பிராசசர் தலையில் விழும். சேமிக்கும் இடத்துக்குக் கணக்கு எளிது: ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமரா, ஏழு நாள் என்றால் 605 ஜிபி. 1 டிபி போதும்.

ஆக, கேமரா உண்டென்றால் விசிறியில்லாத என்100. கேமரா இல்லை, மோட்டாரும் விளக்கும் சென்சாரும்தான் என்றால் எஸ்எஸ்டி போட்ட பை. செகண்ட் ஹேண்ட் மினி பிசி ராமநாதபுரம் டவுனுக்குள், கடலிலிருந்து தள்ளி இருக்கிறவர்களுக்கு நல்ல பேரம். கரையில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பெயின்ட் பிரஷால் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நீங்கள்தான்.

மின்சாரக் கணக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். நம் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 60 நாளைக்குப் பை சுமார் 7 யூனிட், என்100 9 வாட் வைத்தால் 13 யூனிட், மினி பிசி 12 வாட் வைத்தால் 17 யூனிட். இது பெரிய தொகை இல்லை. ஆனால் ஏசி வைத்து 490 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு இந்தப் பத்துப் பதினைந்து யூனிட் கவனிக்க வேண்டியது. 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளின் வீதமும் சேர்ந்து ஏறும்.

கரண்ட் போகும்போது

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், அது ஃபேனுக்கு. 20 வாட் சுமைக்காக இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 12 ஆக்குவது மூக்கைச் சுற்றித் தொடும் வேலை. சுமையே இல்லாவிட்டாலும் ஓடுவதற்கே இன்வெர்ட்டர் தனக்கென்று பத்து வாட்டுக்கு மேல் தின்னும். பின்னால் இருக்கும் சிறு சுவிட்ச் நார்மல் பக்கத்தில் இருந்தால் மாறும் இடைவெளியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாற்றம் வேகமாக நடக்கும், ஆனால் மின்னழுத்தம் 180-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் பேட்டரிக்குத் தாவும். மாலையில் வோல்டேஜ் தொய்யும் கிராமத்து லைனில் பேட்டரி ஓய்வே எடுக்காது.

தனியாக ஒரு 12.8 வோல்ட், 20 ஆம்பியர் மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி வைப்பது நேரான வழி. 256 வாட் மணி. அதில் தொண்ணூறு சதவீதத்தை எடுத்து, மின்னழுத்தம் மாற்றும் மாட்யூலின் இழப்பைக் கழித்தால் 207 மிஞ்சும். ஃபைபர் மோடம் 6 வாட், ரூட்டர் 8 வாட், பை 5 வாட் சேர்ந்து 19. பைக்காக 5 வோல்ட்டுக்கு இறக்கும் இழப்பும் போகப் பத்தரை மணி நேரம் ஓடும். என்100 என்றால் 9 மணி நேரம். மினி பிசியை அடையாள ஊசியைச் சமாளித்து ஓட்டினாலும், 19.5-க்கு ஏற்றும் இழப்பு போக ஏழரை.

வரிசை இப்படி: சார்ஜர், பேட்டரி, பாசிட்டிவ் முனையிலிருந்து அரையடிக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பிறகு 12 வோல்ட்டை நிலையாக வைக்கும் ஏற்றி இறக்கும் மாட்யூல், அதிலிருந்து மோடம், ரூட்டர், சர்வர். அந்த மாட்யூலைத் தவிர்க்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும், தீரும்போது 11-க்குக் கீழே போகும். இரண்டும் ரூட்டருக்கு ஆகாது. சார்ஜர் லித்தியம் பாஸ்பேட்டுக்கென்றே உள்ளதாக, 14.4 முதல் 14.6 வரை ஏற்றி நிற்பதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பேட்டரிக்குப் போடும் பழைய லெட் ஆசிட் சார்ஜரை மாட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போகக்கூடாது. முனைகளில் லக் (வயர் நுனிக்கு மாட்டும் உலோக வளையம்) அடித்து, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். இறுக்கிய பிறகு தடவ வேண்டும், முன்னால் தடவினால் தொடுமிடத்தில் சேர்ந்துகொள்ளும்.

வைஃபையா, ஜிக்பீயா, வயரா

வைஃபை பிளக்குகளும் சுவிட்சுகளும் மலிவு. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: இணையம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஓடுமா? கம்பெனி சர்வர் வழியாகத்தான் ஓடும் என்றால், புயல் சமயத்தில் ஃபைபர் அறுந்த அன்று உங்கள் வீட்டு விளக்கை நீங்களே போட முடியாது. இஎஸ்பி32 எனும் சிறு வைஃபை போர்டில் இஎஸ்பிஹோம் மென்பொருளை ஏற்றிக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

கதவு, ஜன்னல், வெப்பநிலை போன்ற பேட்டரி சென்சார்களுக்கு ஜிக்பீதான். பொத்தான் பேட்டரியில் ஒரு வருடம் தாண்டும். ஆனால் ஜிக்பீயில் சென்சார் சொல்வதை எடுத்து அடுத்தவருக்குக் கடத்துவது சுவரில் செருகிய பிளக்குகள். கரண்ட் போனால் அந்தப் பிளக்குகள் சாகும், பேட்டரி உள்ள சென்சார் உயிரோடிருந்தும் பேச ஆளில்லாமல் நிற்கும். சர்வருக்குப் பத்து மணி நேரம் பேட்டரி வைத்தவர் இதைக் கோட்டைவிடுவது சகஜம். யுஎஸ்பியில் ஓடும் ஜிக்பீ ரிப்பீட்டர் ஒன்றை அதே பேட்டரியில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 1-இல் நிலையாக வைத்து, ஜிக்பீயை 20 அல்லது 25-இல் ஆரம்பத்திலேயே வையுங்கள். பின்னால் மாற்றினால் சில சாதனங்களை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். டாங்கிளைச் சர்வரில் நேராகச் செருகாதீர்கள், யுஎஸ்பி 3 துளையின் இரைச்சல் ஜிக்பீயை அமுக்கும். ஒன்றரை அடி நீட்டிப்பு வயர் போதும்.

வெளியே போகும் கேமராவுக்கு வயர். இங்கே கடைக்காரர் எடுத்துப் போடும் கட்டைப் பிரித்து ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். உப்பு ஈரத்தில் செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தின்னும், கிரிம்ப் செய்த இடத்தில் அலுமினியம் மாவாக உதிரும். அந்த வயரில் கேமராவுக்கு மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் இன்னும் சீக்கிரம். முழுச் செம்பு, கறுப்பு உறை என்று கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன் தம்பியே அடுத்த வருடமும் ஏணி ஏற வேண்டியிருக்கும் என்பதை அவருக்கு அன்பாக நினைவூட்டலாம்.

வெளியில் வைக்கும் பெட்டிகளுக்குத் துளை எப்போதும் அடியில். வயர் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறி நுழைய வேண்டும். முழுக்க அடைத்துவிட்டால் நல்லது என்று சிலிக்கானை வழித்துப் பூசுகிறார்கள். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி மூச்சிழுக்கும், இழுக்கும்போது ஈரத்தையும் சேர்த்து இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். அடிப்பக்கம் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று விடுங்கள்.

டேங்க்: எல்லாரும் முதலில் செய்ய நினைப்பது

போர் தண்ணீர் உவர்ப்பான ஊர்களில் சென்சார் தேர்வும் மாறும். கடைகளில் விற்கும் மலிவான கம்பி சென்சாரில் கம்பிகளுக்கு நடுவே நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். உவர்நீரில் அது மின்முலாம் பூசும் தொட்டிபோல் வேலை செய்து, பாசிட்டிவ் கம்பியைச் சில வாரங்களில் கரைத்துவிடும். அல்ட்ராசோனிக் சென்சார் தண்ணீரைத் தொடாது, நல்லதுதான். ஆனால் தண்ணீர்ப் புகாத ஜேஎஸ்என் வகைக்கு முகத்துக்கு முன்னால் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கண் தெரியாது. டேங்க் நிரம்பும் தருவாயில், அதாவது நமக்கு அளவு முக்கியமாக வேண்டிய நேரத்தில், அது உளறும். சின்டெக்ஸ் மூடியின் அடியில் இரவில் கோக்கும் நீர்த்துளி அதன் முகத்திலும் தொங்கும். மூடிக்கு மேலே ஒன்றேகால் அடி பிவிசி குழாய்த் துண்டை நிறுத்தி அதன் உச்சியில் வைப்பவர்கள் உண்டு. குழாய் குறைந்தது நாலு அங்குல அகலமாக இருந்தால்தான் எதிரொலி குழம்பாது.

எங்கள் தேர்வு: மோட்டாரை நிறுத்துவதற்கு வயர் தொங்கும் ஃப்ளோட் சுவிட்ச், போனில் அளவு பார்ப்பதற்கு மட்டும் அல்ட்ராசோனிக். ஃப்ளோட் சுவிட்ச் ஸ்டார்ட்டரின் நிறுத்தும் வரிசையில் நேராக இணைந்திருக்க வேண்டும். சர்வர், வைஃபை, இஎஸ்பி எல்லாம் செத்துக் கிடந்தாலும் டேங்க் நிரம்பினால் மோட்டார் நிற்கும். சம்பில் இன்னொரு ஃப்ளோட், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாதபடி.

10 ஆம்பியர் என்று எழுதிய நீல நிற ரிலேயில் 1 ஹெச்பி மோட்டாரை நேராகக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. ஓடும்போது மோட்டார் 5 முதல் 7 ஆம்பியர்தான் எடுக்கும், கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்தக் கணத்தில் ரிலேயின் தொடுமுனைகள் பற்றவைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். போனில் ஆஃப் என்று காட்டும், மேலே தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். ரிலே, கான்டாக்டர் எனும் பெரிய மின்காந்த சுவிட்சின் காயிலை மட்டும் தூண்ட வேண்டும், மோட்டார் கான்டாக்டர் வழியாக ஓட வேண்டும். கான்டாக்டரில் ஏசி3 என்ற, மோட்டாருக்கான வரியில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள், ஏசி1 வரியை அல்ல. கூடவே இஎஸ்பிஹோமிலேயே நேர வரம்பு: ஆயிரம் லிட்டர் டேங்க் உங்கள் மோட்டாருக்கு 25 நிமிடத்தில் நிரம்புகிறதென்றால் 35-இல் தானே அணைய வேண்டும். இந்த வரம்பு சர்வரில் இருந்தால் பயனில்லை, இஎஸ்பி போர்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மொட்டை மாடிக்குப் போகும் எந்தப் போர்டுக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் எனும் அக்ரிலிக் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காய விடுங்கள். இதைச் செய்யாமல் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகும். இணைப்புத் துளைகள், பொத்தான்கள், ஈரப்பத சென்சாரின் துளை எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். மெல்லியதாக ஒரு பூச்சு, கால் மணி நேரம் கழித்து இன்னொன்று, பிறகு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். பசைத் துப்பாக்கியால் உருக்கி ஊற்றுவது வேண்டாம். சில மாதத்தில் ஓரம் எழும்பி, அடியில் ஈரம் தங்கும்.

வெளிநாட்டிலிருந்து வீட்டைப் பார்க்க நினைக்கிறவருக்கு ஒரு வரி: பல ஃபைபர் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை, அதனால் ரூட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. திறப்பது பாதுகாப்பும் இல்லை. டெயில்ஸ்கேல் போன்ற தனிச் சுரங்கம் போட்டுக்கொண்டால் ரியாத்திலிருந்தும் வீட்டுக்குள் இருப்பதுபோல் பார்க்கலாம்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பேட்டரி முனைகளை இறுக்கி, ஃப்ளோட்டைக் கையால் தூக்கி மோட்டார் நிற்கிறதா என்று பார்த்து, ஹோம் அசிஸ்டன்ட் பேக்கப்பை இன்னொரு வீட்டிலுள்ள கணினிக்கோ கூகுள் டிரைவுக்கோ அனுப்பிவிடுங்கள். மாற்றாக வாங்கி வைத்த இஎஸ்பி போர்டையும் ரிலேயையும் மேசை டிராயரில் போடாதீர்கள், சும்மா கிடப்பவைதான் முதலில் பச்சை பிடிக்கும் என்று மேலே பார்த்தோம். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில், கைப்பிடி அளவு நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு பச்சையானால், அல்லது நீலம் இளஞ்சிவப்பானால், வாணலியில் சிறு தீயில் வறுத்து, ஆற வைத்து மறுபடி போடலாம். சமையலுக்கு எடுக்கும் வாணலியில் வேண்டாம்.